முதியவருக்கு மூளை மலேரியா: சேலத்துக் குடும்பங்களுக்கும் முதல்நிலை மருத்துவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

எழுபதைத் தொட்ட பெரியவர் ஒருவர் நான்கு நாள் காய்ச்சலுக்குப் பிறகு பேரனைத் தம்பியின் பெயர் சொல்லி அழைக்கிறார். நள்ளிரவில் எழுந்து வண்டி வந்துவிட்டதா என்று கேட்கிறார். மறுநாள் காலையில் எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் மூடிக்கொள்கிறார். சேலம் பக்கத்து வீடுகளில் இதை "ஜன்னி கண்டுவிட்டது" என்பார்கள், அல்லது வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்று ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். மருத்துவமனைக்கு வந்தால் பக்கவாதமோ, உப்புக் குறைவோ, சிறுநீர்த் தொற்றோ என்று எங்களுடைய எண்ணம் ஓடும். இவை எல்லாமே நடக்கக்கூடியவைதான். ஆனால் இந்தப் பட்டியலில் மலேரியாவும் இருக்க வேண்டும், அதுவும் முதல் நாளிலேயே இருக்க வேண்டும் என்பதே சேலத்தில் பொது மருத்துவராக நீண்ட காலம் பணியாற்றிய நான் இங்கே சொல்ல வருவது. முதியவருக்குக் காய்ச்சலோடு அறிவு மயக்கத்தை உண்டாக்கும் நோய்களுள், சில மணி நேரத் தாமதம் உயிரைப் பறிப்பதும் சரியான ஊசி மருந்து அதே வேகத்தில் உயிரை மீட்பதும் மலேரியாவைப் போல வேறு சிலவற்றில்தான் உண்டு.

இதில் வரும் மருந்தளவுகள் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் உரியவை. குடும்பத்தார் அவற்றைப் படிப்பது, எந்தச் சிகிச்சை நடக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் கேட்க வேண்டியதைக் கேட்கவும் மட்டுமே.

சேலத்தில் ஏன் இந்தப் பேச்சு

இந்தியாவில் 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. சுவரில் டி.டி.டி. மருந்தடித்துவிட்டுத் தேதியை எழுதிச் சென்ற காலத்தை இன்றைய பெரியவர்கள் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1976இல் நாடு முழுவதும் 64 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்பி வந்தது. அதன் பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, இன்று தமிழ்நாட்டில் மலேரியா அரிதாகிவிட்டது. இருக்கும் நோயிலும் பெரும்பகுதி பொதுவாகக் கடுமை குறைந்த வைவாக்ஸ் வகை. மகிழ்ச்சிதான், ஆனால் அரிதான நோய் மருத்துவரின் மனத்திலிருந்தும் அரிதாகிவிடுகிறது.

நம் மாவட்டத்து மக்களோ ஓரிடத்தில் இருப்பவர்கள் அல்லர். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியா முழுவதும் சுற்றுகின்றன. சில ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கப்பலேறுகின்றன. சேலம், நாமக்கல், சங்ககிரி லாரிகள் சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் வரை போய் வருகின்றன. பஸ்தர் வட்டாரம், மல்கான்கிரி, கோராபுட், மேற்கு சிங்பூம், மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி, வடகிழக்கில் திரிபுரா, மிசோரம் ஆகியவை உயிருக்கு ஆபத்தான பால்சிபாரம் வகை மலேரியா மிகுந்த பகுதிகள். அங்கிருந்து திரும்பும் ஒருவர் நோயை உடலில் சுமந்தபடி வந்து, இங்கே ஓமலூரிலோ அயோத்தியாப்பட்டணத்திலோ படுக்கையில் விழுகிறார்.

சேர்வராயன் மலையைப் பற்றியும் ஒரு சொல். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் மிகுந்தால் கொசுவின் உடலுக்குள் மலேரியா ஒட்டுண்ணி வளர்வது மந்தமாகும். ஆனால் மலையின் சரிவுகளும் அடிவாரமும் வேறு கதை. மெல்ல ஓடும் ஓடைகளில் அனோபிலிஸ் புளுவியாட்டிலிஸ், சமவெளி நீர்நிலைகளில் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ், நகரத்து மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்று ஒவ்வொரு கொசுவுக்கும் ஓரிடம் உண்டு. நோயோடு ஒருவர் வந்து சேர்ந்தால் பரப்புவதற்குக் கொசு காத்திருக்கிறது. ஆகவே "ஊரை விட்டு எங்கும் போகவில்லை" என்ற ஒரே காரணத்துக்காக மலேரியாவை ஒதுக்கிவிடக் கூடாது.

தலைக்குள் நடப்பது என்ன

பால்சிபாரம் ஒட்டுண்ணி நுழைந்த சிவப்பணுவின் மேற்பரப்பில் சிறு முண்டுகள் எழும்புகின்றன. அந்த முண்டுகளில் உள்ள புரதத்தால் சிவப்பணு நுண்ணிய ரத்தக் குழாயின் உட்சுவரில் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவதால் அது மண்ணீரலுக்குப் போய் அழிவதிலிருந்து தப்பிக்கிறது. ஆனால் மூளையின் நுண்குழாய்களில் ஓட்டம் அடைபடுகிறது, அருகிலுள்ள திசுக்களுக்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் குறைகின்றன, லாக்டிக் அமிலம் தேங்குகிறது. இதனால் வரும் அறிவு மயக்கமே மூளை மலேரியா. மூளையில் மட்டுமல்லாமல் சிறுநீரகத்திலும் குடலிலும் இதேதான் நடக்கிறது. இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது: முதிர்ந்த ஒட்டுண்ணிகள் உள்ளுறுப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்க, விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் இளம் வளையங்கள் மட்டுமே தெரியும். எனவே ஸ்லைடில் கொஞ்சமாகத் தெரிகிறது என்பதால் நோய் கொஞ்சம் என்று பொருள் கொள்ள முடியாது.

வயது இதில் என்ன செய்கிறது? ஆசிய நாடுகளின் கடும் மலேரியா நோயாளிகளை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்து 2008இல் வெளியான ஆய்வில், 10 வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் இறந்திருக்க, 50 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு முப்பத்தாறு பேர் இறந்திருந்தார்கள். சிறுவர்களுக்கு வலிப்பும் ரத்தசோகையும் முன்னே வருகின்றன. பெரியவர்களுக்கு மயக்கத்தோடு சிறுநீரகச் செயலிழப்பு, மஞ்சள் காமாலை, நுரையீரலில் நீர் கோத்தல் என்று பல உறுப்புகள் ஒன்றாகச் சரிகின்றன.

"எனக்கு அந்தக் காலத்திலேயே வந்து போனதுதான், இனி ஒன்றும் செய்யாது" என்று சில பெரியவர்கள் உறுதியாகச் சொல்வதுண்டு. தொடர்ந்து கொசுக்கடிக்கு ஆளாகி வரும் வரையில்தான் மலேரியாவுக்கு எதிரான அரைகுறை எதிர்ப்பாற்றல் நிற்கும். நோயில்லாத ஊரில் வாழத் தொடங்கினால் அது தேய்ந்துவிடும். சிறுவயதில் குளிர்காய்ச்சல் கண்டு மீண்டவரும் அறுபத்தைந்தாம் வயதில் பஸ்தருக்குப் போனால் புதியவரே.

முதற்படி: குழப்பத்தை நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்

புத்தகத்தில் உள்ளபடி குளிர், நடுக்கம், காய்ச்சல், வியர்வை என்று வரிசையாக முதியவருக்கு வர வேண்டும் என்பதில்லை. வெப்பமானியில் 100 டிகிரியைக்கூடத் தாண்டாமல் இருக்கலாம். உடல்வலிக்காகப் பாரசிட்டமால் போட்டிருந்தால் காய்ச்சல் மறைந்தே இருக்கும். சாப்பாடு வேண்டாம் என்பது, நடக்கும்போது தள்ளாடுவது, பகலெல்லாம் தூங்குவது, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் பதில் சொல்வது, சிறுநீர் குறைந்து கறுத்துப் போவது ஆகியவையே தொடக்கமாக இருக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை எளிது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் தோளைத் தட்டுங்கள். அதற்கும் இல்லையென்றால் நகக்கண்ணை அழுத்துங்கள். நேற்றுப் பேசியவர் இன்று தட்டினால்தான் விழிக்கிறார் என்றால், காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த நேரத்திலேயே 108க்கு அழையுங்கள். ஞாபகமறதி நோய் ஏற்கெனவே உள்ளவரென்றால், "வழக்கமாக எப்படி இருப்பார், எந்த நாளிலிருந்து மாறினார்" என்பதைத் தெளிவாக மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஞாபகமறதி மாதக்கணக்கில் கூடும். இரண்டு நாளில் ஏற்பட்ட மாற்றத்துக்கு வேறு காரணம் உண்டு.

பக்கவாதத்தில் பெரும்பாலும் ஒரு பக்கக் கையும் காலும் விழும், நொடியில் வரும். மூளை மலேரியாவில் இரு பக்கமும் ஒரேபோலத் தளர்ந்திருக்கும். கழுத்து பெரும்பாலும் விறைப்பதில்லை. சிலர் பற்களை நறநறவென்று கடிப்பார்கள். கண்கள் ஒன்றோடொன்று சேராமல் விலகி நிற்கலாம். இவை வழிகாட்டும் குறிப்புகளே. இவற்றை வைத்து மட்டும் எதையும் உறுதி செய்யவோ விலக்கவோ முடியாது.

இரண்டாம் படி: எங்கே போய் வந்தார் என்று கேளுங்கள், தேடவும் செய்யுங்கள்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு என் அத்தை தொலைபேசியில் அழைத்து, "கண்ணு, உங்க மாமா ஒரு மாதிரியாப் பேசறாருப்பா, மூணு நாளாக் காய்ச்சல்" என்றார். மாமாவுக்கு அப்போது 66 வயது. சுகரும் பிரஷரும் இருந்தன. பக்கவாதமாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றேன். ஒரு தனியார் மருத்துவமனையில் சி.டி. எடுத்தார்கள், அதில் ஒன்றுமில்லை. தட்டணுக்கள் குறைந்திருந்ததால் டெங்கு என்று ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள், தட்டணுவின் எண்ணிக்கையைச் சரிபார்க்க ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்த ஆய்வக ஊழியர், ஒரே சிவப்பணுவுக்குள் இரண்டு மூன்று வளையங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். அதற்குள் சிறுநீர் நின்றுவிட்டிருந்தது. ஐந்தாம் நாள் மாமா இறந்துவிட்டார்.

போர்வெல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்றே நான் நினைத்திருந்தேன். ஆள் பற்றாக்குறை என்று நண்பருக்காக இருபது நாள் மேற்பார்வைக்குப் போய் வந்திருக்கிறார். காரியம் முடிந்த பிறகு கொடியில் தொங்கிய அவருடைய சட்டைப்பையில் ஒரு சிறிய நோட்டு கிடைத்தது. பஸ்தர் பக்கத்து ஊர்களின் பெயர்கள், பக்கத்தில் 420 அடி, 380 அடி, கேசிங் பைப் எத்தனை, கீழே தேதி என்று ஒவ்வொரு துளைக்கும் ஒரு வரி எழுதியிருந்தார். நான் கேட்டிருக்க வேண்டிய பயண வரலாறு முழுவதும் அவர் கையெழுத்திலேயே அந்த வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே, நோயாளி பேசும் நிலையில் இல்லையென்றால் கடந்த மூன்று மாதப் பயணத்தை நீங்கள் கண்டுபிடியுங்கள். சட்டைப்பை, ரயில் சீட்டு, உடன் போனவரின் தொலைபேசி எண், எந்தச் சுங்கச்சாவடி என்று காட்டும் பாஸ்டேக் குறுஞ்செய்தி ஆகிய எல்லாமே சான்று. கொசு கடித்த ஒன்றிரண்டு வாரங்களில் பால்சிபாரம் பெரும்பாலும் வெளிப்படும் என்றாலும் சில சமயம் அதற்கும் பிந்தும். வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கிக் கிடந்து பல மாதம் கழித்தும் எழும். அண்மையில் ரத்தம் ஏற்றினார்களா, வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: ரத்தத்தை அன்றே, அந்த மணியிலேயே பாருங்கள்

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மலேரியா பரிசோதனையும் மருந்தும் இலவசம். கண்ணாடித் துண்டில் ஒரு துளி ரத்தத்தைத் தடித்துப் பரப்புவது நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க. மெல்லியதாக இழுப்பது எந்த வகை, எத்தனை விழுக்காடு சிவப்பணுக்களில் என்று கணக்கிட. பால்சிபாரத்தின் வளையங்கள் மெலிதாக இருக்கும், சிலவற்றில் இரண்டு புள்ளிகள் இருக்கும், சில சிவப்பணுவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும்; வாழைப்பழ வடிவத்தில் ஒன்று தெரிந்தால் வகையைப் பற்றிச் சந்தேகமே இல்லை.

விரைவுப் பரிசோதனை அட்டை ஏறத்தாழ 20 நிமிடங்களில் முடிவு தரும். இரவு நேரத்தில் அதுவே கைகொடுக்கும். ஆனால் பால்சிபாரத்தைக் காட்டும் கோடு, நோய் ஆறிய பிறகும் சில வாரங்கள் தோன்றும் என்பதால், சிகிச்சை பலித்ததா என்று பார்க்க அது உதவாது. அதற்கு ஸ்லைடே வேண்டும். முதல் ஸ்லைடில் ஒன்றும் தெரியாவிட்டால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறையாவது திரும்பப் பார்த்த பிறகே மலேரியா இல்லை என்று முடிவு செய்ய வேண்டும். பயண வரலாறு வலுவாக இருந்து நோயாளி மயங்கிக் கிடந்தால், முடிவுக்குக் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்குவதே சரியென்பது என் முடிந்த கருத்து.

தட்டணுக்கள் குறைந்தாலே டெங்கு என்று நிற்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். மலேரியாவிலும் அவை குறையும், பல சமயம் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போகும்.

கூடவே மற்றவற்றையும் தேட வேண்டும். அடிவாரத்துப் புதர்க்காட்டில் நடமாடியவர் என்றால் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல். மூளையுறைக் காய்ச்சலை விலக்க முதுகுத்தண்டு நீர் எடுக்க வேண்டி வரலாம். எடுக்கத் தாமதமானால் செப்ட்ரியாக்சோன் போன்ற எதிருயிரியைத் தொடங்கிவிட வேண்டும். சோடியமும் பார்க்க வேண்டும். அது குறைந்திருப்பது தெரிந்ததும் காரணம் கிடைத்துவிட்டதென்று நிறுத்திவிடாதீர்கள், ஏனெனில் கடும் மலேரியாவிலேயே சோடியம் குறையும். கண் விழித்திரையைச் சோதிக்கத் தெரிந்தவர் இருந்தால், திட்டுத்திட்டான வெளுப்பும் நடுவில் வெண்மையுள்ள ரத்தக்கசிவுகளும் மூளை மலேரியாவைச் சுட்டும்.

நான்காம் படி: முதல் ஊசி போட்டுவிட்டே அனுப்புங்கள்

மலைக்கிராமத்து நிலையத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் வந்து, சேர்க்கைச் சீட்டு வாங்கி, படுக்கை கிடைத்து, முதல் மருந்து உள்ளே போக எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை மலையில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். ஆகவே கடும் மலேரியா என்று தெரிந்தவுடன், முழுச் சிகிச்சைக்கு வசதி இல்லாத இடத்திலும், மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்லும் ஆர்டிசுனேட் ஊசியை உடல் எடையில் கிலோவுக்கு 2.4 மி.கி. வீதம் தொடையின் முன்பக்கத் தசையில் போட்டு, நேரத்தைச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். மலவாயில் வைக்கும் மருந்து ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. பெரியவருக்கு அது பதிலாகாது.

வண்டியில் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போகும். புறப்படும் முன் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

ஐந்தாம் படி: எவ்வளவு கடுமை என்று அளந்து எழுதுங்கள்

மயக்கத்தின் ஆழத்தை அளக்கும் கிளாஸ்கோ அளவீட்டில் கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து 15க்கு 11க்கும் கீழே இருந்தால் அது கடும் மலேரியாவின் அறிவு மயக்கம். இதனோடு ரத்தச் சர்க்கரை 40க்குக் கீழ், ஹீமோகுளோபின் 7க்குக் கீழ், கிரியாட்டினின் 3க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80க்குக் கீழ், லாக்டேட் 5க்கு மேல், பத்து விழுக்காட்டுக்கு மேல் சிவப்பணுக்களில் ஒட்டுண்ணி ஆகியவற்றில் எது இருந்தாலும் ஐ.சி.யு. வேண்டும். வைவாக்ஸ் என்று வந்தாலும் இதே அளவுகோல்தான், இதே ஊசிதான். "சாதாரண மலேரியா" என்ற சொல்லால் ஏமாந்துவிடக் கூடாது. மயக்கத்தின் அளவை முதல் நாளில் சில மணிக்கு ஒருமுறை எழுதி வைத்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அடுத்த முறைப்பணியில் வருபவருக்குத் தெரியும்.

ஆறாம் படி: ஆர்டிசுனேட்

ஆர்டெமிசினின் என்ற மூலப்பொருளைச் சீனத்து மூலிகையிலிருந்து பிரித்ததற்காக 2015இல் டு யூயூ நோபல் பரிசு பெற்றார். அதன் வழிவந்த ஆர்டிசுனேட்டை, நூற்றாண்டுகள் ஆண்ட குயினைனோடு ஒப்பிட்டு வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மர் ஆகிய நாடுகளில் 1,461 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2005இல் வந்தது. குயினைன் பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தார்கள். ஆர்டிசுனேட் பெற்றவர்களில் 15 பேர். அன்றிலிருந்து எது முதல் மருந்து என்பதில் விவாதத்துக்கே இடமில்லை.

60 மி.கி. புட்டியில் வெண்பொடியாக இருக்கும். அதனோடு வரும் ஒரு மி.லி. சோடியம் பைகார்பனேட்டைச் செலுத்திக் குலுக்கினால் முதலில் கலங்கி, சில நிமிடங்களில் தெளியும். தெளியாவிட்டால் பயன்படுத்தக் கூடாது. பிறகு 5 மி.லி. சலைன் சேர்த்தால் ஒரு மி.லி.யில் 10 மி.கி. இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கு 144 மி.கி., அதாவது 14.4 மி.லி.; மூன்று புட்டிகள் உடைக்க வேண்டும். இரண்டு புட்டிகளோடு நிறுத்திவிடுவது நான் பார்த்த தவறுகளில் ஒன்று. கலந்த மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் ரத்த நாளத்தில் (ஐ.வி.) மெல்லச் செலுத்த வேண்டும்.

முதல் ஊசி, 12 மணி நேரத்தில் இரண்டாவது, 24 மணி நேரத்தில் மூன்றாவது. அதன் பிறகு விழுங்கும் நிலை வரும் வரை நாளுக்கு ஒன்று. இடையில் கண்விழித்துப் பேசினாலும் முதல் மூன்று ஊசிகளையும் முடித்தே ஆக வேண்டும். சிறுநீரகமோ கல்லீரலோ பழுதாகியிருந்தாலும் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. முதியவர்களுக்கு இது பெரிய வரம். ஆர்டிசுனேட் கிடைக்காத நிலையில் மட்டும் குயினைன். அது இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கும், இன்சுலினைத் தூண்டிச் சர்க்கரையைச் சரிக்கும். இதய நோயுள்ள முதியவரிடம் அதை இ.சி.ஜி. இல்லாமல் கொடுக்கக் கூடாது.

ஏழாம் படி: ஊசிக்கு அப்பால் உயிரைக் காப்பவை

ஆர்டிசுனேட் ஒட்டுண்ணியைக் கொல்லும். ஆனால் முதல் இரண்டு நாட்களில் நோயாளியை இழப்பது பெரும்பாலும் நீரின் கணக்கிலும் சர்க்கரையின் கணக்கிலும்தான்.

சர்க்கரையை நான்கு மணிக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், மயக்கம் திடீரென்று கூடினால் உடனே பார்க்க வேண்டும். சுகருக்கு கிளைமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிட்டு வந்தவருக்குச் சிறுநீரகமும் பழுதானால், அந்த மாத்திரையின் வேலை நாட்கணக்கில் நீளும். ஒருமுறை குளுக்கோஸ் கொடுத்துவிட்டு விட்டுவிட முடியாது. அந்த மாத்திரையையும், லாக்டிக் அமிலம் தேங்கும் ஆபத்துள்ளதால் மெட்பார்மினையும் நிறுத்துங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளையும் அழுத்தத்தைப் பார்த்தே தொடர வேண்டும்.

நீர் கொடுப்பதில் கையைக் கட்ட வேண்டும். டெங்குவில் பழகிய கை பாட்டிலை வேகமாகத் திறந்துவிடும். கடும் மலேரியாவில் பெரியவர்களுக்கு நுண்குழாய்கள் கசியும் என்பதால், அந்த நீர் நுரையீரலில் போய்ச் சேரும். அதுவும் இதயம் தளர்ந்த முதியவருக்கு ஒரு பாட்டிலே மிகையாகலாம். குழாய் வைத்துச் சிறுநீரை மணிக்கணக்கில் அளந்து, மூச்சின் வேகத்தையும் நுரையீரல் ஒலியையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சிறுநீர் நின்று கிரியாட்டினின் ஏறினால் டயாலிசிஸைத் தள்ளிப்போடாதீர்கள். மலேரியாவில் பழுதான சிறுநீரகம், ஆளைத் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலும் மீண்டுவிடும் என்பதைக் குடும்பத்தாருக்கும் சொல்ல வேண்டும். "ஒருமுறை டயாலிசிஸ் செய்தால் வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டும்" என்ற அச்சத்தால் மறுத்துவிடுகிறார்கள்.

வலிப்பு வந்தால் லோரசெபாம் அல்லது மிடசோலம், மூச்சைக் கவனித்தபடி. மூளைக்குள் நடக்கும் வலிப்பு வெளியே கண்ணிமைத் துடிப்பாகவோ கட்டைவிரல் அசைவாகவோ மட்டும் தெரியலாம். மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்க அவசரப்பட வேண்டாம். மூச்சுக்குழாய்க் கருவி இல்லாத மயக்க நோயாளிக்கு முதல் இரண்டு மூன்று நாட்களில் அது புரையேறி நிமோனியாவாக முடியும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, கண்ணுக்கு மருந்திட்டு மூடுவது, வாயைத் துடைப்பது ஆகியவற்றைச் செவிலியரோடு சேர்ந்து குடும்பத்தாரும் செய்யலாம்.

எட்டாம் படி: கொடுக்கக் கூடாதவை

மயக்கம் என்றாலே ஸ்டீராய்டும், மூளை வீக்கத்தைக் குறைக்கவென்று மானிட்டாலும் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. தாய்லாந்தில் நடந்து 1982இல் வெளியான சோதனையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மயக்கத்தை நீட்டிக்கவே செய்தது. ஒடிசாவின் ரூர்கேலாவில் பெரியவர்களிடம் நடத்தி 2011இல் வெளியான சோதனையில் மானிட்டாலும் பலன் தராமல் மயக்கத்தை நீட்டித்தது. இரண்டும் வேண்டாம். உடல்வலிக்கென்று டைக்லோபினாக் ஊசி போட்டுவிட்டு அனுப்புவதும் தளரத் தொடங்கியிருக்கும் சிறுநீரகத்துக்கு அடி. தட்டணுக்கள் தாழ்ந்திருக்கையில் ஆஸ்பிரினைத் தொடர்வதா என்பதை இதய மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

ஒன்பதாம் படி: கண்விழித்த பிறகு

பெரியவர்கள் சராசரியாக இரண்டு நாட்களில் விழிக்கிறார்கள். முதியவருக்கு இன்னும் சில நாட்கள் ஆகலாம். விழித்த பிறகும் சில நாள் குழப்பம் இருக்கும். மூக்குக் கண்ணாடியையும் காது கருவியையும் எடுத்துக் கொடுங்கள், பழகிய குரல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், பகலில் சன்னல் திறந்திருக்கட்டும். கட்டிலில் கைகளைக் கட்டி வைப்பது குழப்பத்தைக் கூட்டும்.

விழுங்கத் தொடங்கியதும் மூன்று நாள் வாய்வழிக் கூட்டு மருந்து கட்டாயம். பால்சிபாரத்துக்குத் தமிழ்நாட்டில் அரசு வழிமுறைப்படி ஆர்டிசுனேட்டோடு சல்பாடாக்சின்-பைரிமெத்தமின் தருகிறார்கள். சல்பா ஒவ்வாமை உள்ளவருக்கு ஆர்டிமீதர்-லுமிபான்ட்ரின், அதைப் பால் போன்ற கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உடலில் சேரும். கொசுவுக்கு நோய் தொற்றாமலிருக்க பால்சிபாரத்தில் பிரைமாகுவின் ஒரே ஒரு வேளை. கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸை அழிக்க 14 நாள். 14 நாள் கொடுக்கும் முன் ஜி6பிடி நொதிக் குறைவு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது; அந்தக் குறைவு உள்ளவருக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும்.

பத்தாம் படி: வீட்டுக்குப் போன பிறகும் ரத்தம் பாருங்கள்

இதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். ஆர்டிசுனேட் ஊசி பெற்ற சிலருக்கு, நோய் ஆறி ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் சிவப்பணுக்கள் திடீரென்று உடைந்து ஹீமோகுளோபின் சரியும். 7, 14, 28ஆம் நாட்களில் ரத்தம் பார்த்தால் கையோடு பிடித்துவிடலாம். முகம் வெளுப்பு, படியேறினால் மூச்சிரைப்பு, சிறுநீர் சிவப்பு ஆகியவற்றை வீட்டார் கவனிக்க வேண்டும். அடுத்த இரண்டு மாதங்களுக்குள் தள்ளாட்டம், கைநடுக்கம், புதிய குழப்பம், வலிப்பு வந்தால் மீண்டும் ஸ்லைடு எடுக்க வேண்டும். அதில் ஒட்டுண்ணி இல்லையென்றால் அது மலேரியாவுக்குப் பிந்திய நரம்புக் கோளாறாக இருக்கலாம், பெரும்பாலும் தானே ஆறும். சுகர், பிரஷர் மாத்திரைகளை எப்போது, எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதை வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

நோயாளியைப் பற்றிச் சுகாதாரத் துறைக்குத் தெரிய வேண்டும். அவர்கள் தெருவில் காய்ச்சல் உள்ளவர்களிடம் ஸ்லைடு எடுத்து, மேல்நிலைத் தொட்டிகளைப் பார்த்து மூடச் செய்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உடன் பயணித்தவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். அதே கொட்டகையில் படுத்தவரையும் அதே கொசு கடித்திருக்கும்.

மறுபடியும் வண்டியேறும்போது

குணமான பிறகு வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்வது எளிது. அறுபதைக் கடந்தும் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆறு வாரத்துக்குக் குறைவான பயணமென்றால் டாக்சிசைக்ளின் 100 மி.கி. நாளுக்கு ஒன்று, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் தொடங்கி, திரும்பி வந்து நான்கு வாரம் வரை. ஆறு வாரத்துக்கு மேலென்றால் மெப்ளோகுவின், ஆனால் வலிப்பும் மனநோயும் இதயத்துடிப்புக் கோளாறும் உள்ளவருக்கு அது ஆகாது. எதையும் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். அனோபிலிஸ் அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். வண்டிக்கு அடியிலும் திறந்த வெளியிலும் படுக்கும் ஆட்களுக்கு மருந்தூட்டிய கொசுவலையை உரிமையாளர் வாங்கித் தர வேண்டும். டீசல் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையே அல்ல.

திரும்பி வந்த நாளை வீட்டு நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அங்கிருந்து மூன்று மாதம் எண்ணி இன்னொரு வட்டமிடுங்கள். அந்த இரண்டு வட்டங்களுக்கும் இடையில் அவருக்குக் காய்ச்சல் என்று எந்த மருத்துவரிடம் போனாலும், பெயரும் வயதும் சொல்லும்போதே போய் வந்த ஊரையும் சொல்லி, மலேரியாவுக்கு ஸ்லைடு எடுக்கச் சொல்லுங்கள்.